அணைத் தண்ணீரில் உடைத்த பூசணிக்காய்

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்களில் வாய்க்குப் பேர்போனவள் நான். அந்த வாயை நினைத்து நான் வெட்கப்பட்டது போன வருஷம்தான்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அணையில் என் மகனுக்கு மீட்புப் படகு ஓட்டும் வேலை தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் விமானத்தை அங்கே சோதனை பார்க்க இருந்தார்கள். நல்லபடியாக முடிந்தால் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "கெளம்புற நேரந்தாம்மா ஆபத்து. சக்கரத்துக்குப் பதிலா மிதவையில அம்புட்டு வேகமா ஓடும். குறுக்க ஒரு கட்டை கெடந்தாக்கூட மிதவை கிழிஞ்சு பிளேனு குப்புறக் கவுந்துரும். தண்ணியச் சுத்தமா வைக்கிறதுதான் எஞ் சோலி."

ஆபத்து என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. புது ஜீப்பு வாங்கினாலே பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம், என் பிள்ளை நிற்கிற இடத்துக்கு ஒன்றும் வேண்டாமா? சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி, உள்ளே குங்குமம் கொட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

அணை வாசலில் காவலாளி, ரோட்டில் உடைக்கக் கூடாது என்றான். அவனோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். பிறகு வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விட்டு விலகிக் கரையோரம் போய், விமானத்தைப் பார்த்துச் சுற்றிப் பாறையில் அடித்தேன். இரண்டாகப் பிளந்து தண்ணீரில் விழுந்தது. ரோட்டில் கிடந்தால் எவனாவது வழுக்கி விழுவான், தண்ணீரில் யாருக்கு என்ன என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

விமானம் வேகம் பிடித்து ஓடி வந்தபோது என் மகன் படகில் எழுந்து நின்று சிவப்புக் கொடியை வீசினான். இரைச்சல் அடங்கி விமானம் நின்றது. அதன் பாதையிலிருந்து அவன் அள்ளி எடுத்தது பாதிப் பூசணிக்காய். காற்று அதை அங்கே தள்ளிக்கொண்டு போயிருந்தது.

கரைக்கு வந்தவனை அதிகாரி பிடித்துக்கொண்டார். "காலையில தண்ணியப் பாத்தியா இல்லையா? இது எங்கருந்து வந்துச்சு?"

அவன் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டான். "தெரியல சார். நாந்தான் சரியாப் பாக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், "அய்யா, அவனத் திட்டாதீக. ஒடச்சது நாந்தான். அவனப் பெத்தவ" என்றேன்.

அதிகாரி அவனைத்தான் பார்த்தார். "அப்ப தெரிஞ்சேதான் பொய் சொன்னியா?" படகுச் சாவியை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். காப்பாற்றப் போனவள் பிள்ளையைப் பொய்யனாக்கி நிறுத்தினேன். அங்கேயே கூனிக் குறுகிப் போனேன்.

விமானம் மறுபடி கிளம்புவதற்காகத் திரும்பத் தொடங்கியது. அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னொரு பாதி எங்கம்மா?" என்றான்.

அதை நான் நினைக்கவே இல்லை. பாறைப் பக்கம் கைகாட்டினேன். அது கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கினான். நீந்தி அதை எட்டிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினான். லைஃப் ஜாக்கெட்டெல்லாம் குங்குமம். செல்போனில் படம் பிடித்தார்கள், யாரோ சிரித்தார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை. தண்ணீரை விட்டு எழும்பும்வரை விமானத்தையே பார்த்தபடி நின்றான்.

என் முந்தானையால் அவன் நெஞ்சைத் துடைக்கப் போனேன்.

"விடும்மா" என்று தள்ளிப் போய் நின்றுகொண்டான்.