நாறாத மீன்

என் முதல் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மீன் நாற்றத்தால் அல்ல. காசிமேட்டில் பிறந்தவளுக்கு அது ஒரு விஷயமா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., அந்த ஏ.சி.க்கு மரியாதையாக வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லும் முதலாளி. புத்தாயிரம் பிறந்த புதிது. என்னோடு படித்தவர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருக்க, எங்கள் முதலாளிக்கு மட்டும் தமிழில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து சி.டி.யில் விற்கும் ஆசை. "துப்பாக்கி விளையாட்டு எல்லாரும் பண்றாங்கம்மா. நீ காசிமேட்டுப் பொண்ணுதானே? மீன்பிடி விளையாட்டு ஒண்ணு பண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கொஞ்ச நாள் அவரைத் தெய்வமாகவே நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

விளையாட்டு இதுதான். உங்களுக்கு ஒரு விசைப்படகு. டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறீர்கள். பிடித்த நொடியிலிருந்து மீன் கெட ஆரம்பிக்கும்; ஐஸ் கரையக் கரைய இன்னும் வேகமாகக் கெடும். அதற்குள் திரும்பி வந்து ஏலத்தில் விற்கவேண்டும். பேராசைப்பட்டு இன்னொரு வலை போட்டவன் அழுகின மீனோடு கரையில் வந்து நிற்பான்.

இதையெல்லாம் எனக்குக் கொடுத்தவள் என் அக்கா. ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, ராயபுரத்துத் தெருக்களில் விற்கிறவள். விடியற்காலையில் நோட்டும் கையுமாக அவள் பின்னாலேயே போவேன். செவுளைத் தூக்கிக் காட்டுவாள், வயிற்றைக் கட்டைவிரலால் அமுக்குவாள்.

"கண்ணப் பாரு. உள்ள போயிருந்தா நேத்து மீனு. ஐஸு கரையறதுக்குள்ள வித்தா வித்தது, இல்லாங்காட்டி குப்பை. அவ்ளோதான்டி எங்க பொயப்பு. இத்த கம்ப்யூட்டர்ல போட்டு இன்னா பண்ணப் போற?"

"உன்னையும் போடப் போறேன்க்கா. ஏலத்துல பச்சைப் பொடவை கட்டிக்கினு கடைசியா விலை கேக்குற பொம்பளை நீதான்."

"சொம்மா அட்ச்சி வுடாத" என்றாள். ஆனால் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

எட்டு மாதம் என்று ஆரம்பித்த வேலை இரண்டு வருஷம் இழுத்தது. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக ஒரு கடிகாரம் வைத்திருந்தேன். முந்நூறு மீன் ஏறினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஐந்நூறு ஏறினால் படகும் கடலும் அப்படியே நின்றுவிடும். ஒரு வாரம் முழுக்க என் படகு கரையேறி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். பச்சைப் புடவையைப் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன்.

அப்புறம்தான் சி.டி.யைக் கடைகளுக்குப் போடப்போகிற ஆள் வந்தான். பஜ்ஜி தின்றுகொண்டே ஆடிப் பார்த்தான். திரையில் மீன் சாம்பல் நிறமாகி ஈ மொய்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தான். "சீ, கருமம்! இவ்வளவு கலீஜா யார் சார் வாங்குவா? மீன் நாறக் கூடாது. தீபாவளிக்குச் சரக்கு கடையில இருக்கணும்." மத்தியானம் இரண்டு துண்டு வஞ்சிரம் கேட்டு வாங்கித் தின்ற வாய் அது.

"கெடாட்டி விளையாட்டே இல்ல சார்" என்றேன் முதலாளியிடம்.

"உனக்கு வேலை வேணுமா, நாத்தம் வேணுமா?"

கெடும் வேகம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். ஒரே ஒரு வரி. படகு போனது, மீன் ஏறியது, ஏலத்துக்கு வந்ததும் திரை கறுத்துவிட்டது. மீன் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அந்த எண்ணால் வகுத்துத்தான் விலை வரும்படி எழுதியிருந்தேன். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்தக் கம்ப்யூட்டரும் செத்துத்தான் போகும். இரண்டு நாள் கொடுங்கள், சரிசெய்கிறேன் என்றேன். "ஏலத்தையே தூக்கிடு. கரைக்கு வந்தா நேரா துட்டு ஏறட்டும்" என்றார்.

தூக்கினேன். ஏலம் போனதும் அங்கே நின்ற கூட்டமும் போயிற்று. பச்சைப் புடவையை நிஜமாகவே அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர்கூட ஒரு தரம் கேட்டது. ஆமாம் என்றேன். த்தூ.

அக்காவிடம் சொல்லவில்லை. வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில், காலை பத்து மணிக்கு. யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கலாம் என்று வாசல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அக்கா கூடையைக் கீழே வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்தாள். பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மௌஸை முந்தானையால் துடைத்துவிட்டுப் பிடித்தாள். ஐஸ் ஏற்றினாள், ஒரு வலை போட்டாள், உடனே திரும்பினாள். பணம் ஏறியது.

"ஏலம் எங்கடி?"

"இன்னொரு தபா போய்ப் பாருக்கா" என்றேன்.

இந்த முறை ஐஸ் ஏற்றாமல் போனாள். திரையில் பத்து நாள் ஓடியது. மீன் அறையைத் திறந்தாள். பிடித்தபோது இருந்த அதே வெள்ளிப் பளபளப்பு. அவள் திரையை விட்டு என்னைப் பார்த்தாள்.

"பத்து நாளாவுது. நாறவே இல்ல."

"ஆமாக்கா."

"மீனு நாறலன்னா அப்பறம் நா இன்னாத்துக்குடி?"

கோபமே இல்லாமல் கேட்டாள். கோபித்திருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "கூடை கீய கீது. ஐஸு கரைஞ்சிக்கினு கீது" என்று படியிறங்கினாள்.

மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் அந்தப் பஜ்ஜிக்காரன் பொன்னாடையைப் பிரித்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றான். போய்க் கழுத்தை நீட்டினேன்.