கம்ப்யூட்டருக்குக் காட்டக் கொண்டுபோன ரோஜாச் செடி

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். ஏற்காட்டில் கொட்டச்சேடு பக்கம் ஒரு பழைய பங்களாவில் என் வீட்டுக்காரர் தோட்டக்காரராக இருந்தார். அவருடைய அப்பாவும் அங்கேயே தோட்டவேலை பார்த்தவர். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு முதலாளி பங்களாவை விற்றுவிட்டார். வாங்கினவர் தோட்டத்தை எடுத்துவிட்டு ரூம் கட்டி வாடகைக்கு விடப்போகிறாராம். கிறிஸ்துமஸுக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறவில்லையே தவிர கவலைப்பட மட்டும் நன்றாக வரும். மேகம் கறுத்தால் ஓடு பறந்துவிடுமோ என்று கவலை. வெயில் அடித்தால் கிணறு வற்றிவிடுமோ என்று கவலை. இப்படிப்பட்டவளுக்கு நிஜமாகவே ஒரு கவலை வந்தால் சும்மா இருப்பேனா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அடுப்படியில் புலம்புவேன். சுற்றுவட்டார எஸ்டேட்டுகளில் எல்லாம் கேட்டாகிவிட்டது. காபி பறிக்க ஆள் வேண்டுமாம், பூந்தோட்டத்துக்கு வேண்டாமாம். அவரோ, “அட உடு புள்ள, மண்ணு இருக்கற பக்கமெல்லாம் எனக்கு வேலை இருக்குது” என்று பீடி பற்ற வைப்பார்.

அப்போதுதான் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒரு யோசனை சொன்னார். சேலத்தில் இன்டர்நெட் கடை திறந்திருக்கிறார்களாம். கம்ப்யூட்டரில் வேலை தேடலாமாம். வேலை கொடுக்கிறவர் எந்த ஊரில் இருந்தாலும் எதிரில் இருக்கிற மாதிரியே எல்லாம் நடக்குமாம்.

எதிரில் இருக்கிற மாதிரி என்றதும் எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. இவரிடம் சர்ட்டிபிகேட் ஒன்றும் கிடையாதே, அந்த ஆள் கேட்டால் எதைக் காட்டுவது? அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தகர டின்னில் தானே வளர்த்த ரோஜாச் செடி ஒன்றை எடுத்து, தூரைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினார். “இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்? அந்த மனுசன் பாக்கட்டும்” என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் மலை இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் செடியைப் பிடித்துக்கொள்ள, நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அடிவாரம் வந்ததும் கண்டக்டர், “ஏனுங்கண்ணா, உங்க கொழந்தைக்கு ஒரு டிக்கெட் போட்றலாமுங்களா?” என்று செடியைக் காட்டிக் கேட்க, பஸ்ஸே சிரித்தது.

சேலத்தில் நாலு ரோட்டுப் பக்கம் மாடியில் இருந்தது அந்தக் கடை. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே ஜில்லென்று ஏசி. கடையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். டின்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “ஏனுங்கக்கா, எனக்குங்களா?” என்றாள்.

“இல்லீங்க கண்ணு, வேலை குடுக்கறவருக்குக் காட்டோணுமுங்க. எந்தப் பொட்டி முன்னால வெக்கட்டும்?” என்று கேட்டார் இவர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த காலேஜ் பையன் குபீரென்று சிரித்துவிட்டான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பி, “உங்க டைம் ஓடிட்டிருக்குதுங்க தம்பி” என்றாள். அவன் அவசரமாகத் தன் பெட்டிப் பக்கம் திரும்பினான். பிறகு அவள் எங்களிடம், “அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதுல தெரியாதுங்கண்ணா. நாம எழுதித்தான் அனுப்போணும். மொதல்ல வேலை இருக்குதான்னு பாக்கலாம், உக்காருங்க” என்று ஸ்டூல் இழுத்துப் போட்டாள்.

தோட்டம் என்று இங்கிலீஷில் அடித்துத் தேடினாள். பெட்டி கீச்சுகீச்சென்று கத்தியது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. வந்தது வேலை இல்லை. தோட்டங்களின் சரித்திரமாம்! எந்தக் காலத்து ராஜாவோ எந்த தேசத்திலோ போட்ட தோட்டம். செடிகளைக் கத்தரித்துக் கோழி மாதிரி, கோபுரம் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அடுத்து வந்த ராஜா அதை அழித்துவிட்டு வேறு தோட்டம் போட்டாராம், அந்தப் பெண் படித்துச் சொன்னாள். இவர் வேலையையே மறந்துவிட்டார். “அடுத்ததைக் காட்டுங்க கண்ணு” என்று படம் படமாகப் பார்க்கிறார்.

“ஏனுங்க, நாம வேலை தேட வந்தோம்” என்று இடித்தேன்.

“இரு புள்ள. ராசாவா இருந்தாலும் இதே கதைதான் போல. எங்க பங்களாவுல மட்டும் என்னவாம்?” என்று ஆரம்பித்துவிட்டார். முதலில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் சம்சாரம் ரோஜா வைத்தது. அடுத்து வந்தவர் ரோஜாவைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட்டது. அதற்கடுத்தவர் கிழங்கை அழித்துப் புல்தரை போட்டது. “ஒவ்வொருத்தரும் வந்தவொடனே முந்தின ஆளு வெச்சதைப் பிடுங்கச் சொல்லுவாங்க. பிடுங்கறது எங்க வேலை. ஆனா எங்கப்பன் எதையும் அடியோட எறிய மாட்டாரு. ஒரு குச்சி ஒடிச்சு ஊட்டுக்குப் பின்னால டின்னுல நட்டு வெச்சிருவாரு. நானும் அப்படித்தான். அத்தனை துரைங்க வெச்சதும் இன்னிக்கும் எங்க ஊட்டுக்குப் பின்னால இருக்குதுங்க.”

அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். “இந்த ரோஜா அந்த மொதல் துரையம்மா வெச்சதுங்களா?” என்று டின்னைக் காட்டினாள். “அதோட வாரிசுங்க” என்றார். உடனே திரும்பி வேறு என்னவோ அடித்துத் தேட ஆரம்பித்தாள். இரண்டு தடவை லைன் போய்விட்டது. நானோ பஸ் போய்விடுமோ என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. நீலகிரியில் ஒரு பழைய பங்களா. அதன் தோட்டத்தை ஆதியில் இருந்தபடியே திரும்ப உண்டாக்கத் தெரிந்த ஆள் தேவை, குடியிருக்க வீடு உண்டு என்று போட்டிருந்ததாம்.

இவர் சொல்லச் சொல்ல, டின் கதை முழுவதையும் இங்கிலீஷில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “அண்ணா, ஒரே ஒரு பூவை வெட்டித் தருவீங்களா?” என்றாள். இவர் இலையோடு வெட்டிக் கொடுத்தார். அவள் அதை ஜெராக்ஸ் மெஷின் போல இருந்த ஸ்கேனர் என்ற பெட்டியின் கண்ணாடிமேல் படுக்க வைத்தாள். பூ புடைத்துக்கொண்டு நின்றதால் மூடி மூடவில்லை. வெளிச்சம் நுழையாமல் தன் துப்பட்டாவால் சுற்றிலும் போர்த்தினாள். கண்ணாடியெல்லாம் மண்ணும் தண்ணீரும். முதலாளி வந்து திட்டினால் இந்தப் பெண்ணின் கதி என்ன என்று அவளுக்காகவும் கவலைப்பட்டேன்.

திரையில் பூ வந்தது. அம்மாடி! இதழ் ஓரத்து நரம்புகூடத் தெரிந்தது. இதழில் ஒரு எறும்பும் தெரிந்தது.

“ஐயோ, எறும்பு இருக்குதே! பூச்சி புடிச்ச செடின்னு நெனைச்சுக்குவாங்களே!” என்றேன்.

அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “எறும்புக்குப் பிடிச்ச பூவுன்னு நெனைச்சுக்கட்டுமுங்கக்கா” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எங்களுக்கு ஏது போன்? பதில் வந்ததா என்று தினமும் மலை இறங்கியா பார்ப்பது? அவளே வழி சொன்னாள். மருந்து, பத்திரிகை, பூக்கட்டு என்று எல்லாம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிற வழக்கம் எங்கள் மலையில் உண்டு. பதிலை அச்சடித்து ஏற்காடு பஸ் கண்டக்டரிடம் தருவதாகவும், ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் எங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடையில் போய்ச் சேரும் என்றும் சொன்னாள்.

அதற்கப்புறம் மளிகைக் கடைக்காரர் என்னைக் கண்டாலே, “வரலீங்கம்மா” என்பார். நான் வாயே திறந்திருக்க மாட்டேன். காலி பண்ண வேண்டிய நாள் நெருங்கியது. சட்டி பானையை மூட்டை கட்டினேன். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அவிழ்த்தேன். அப்புறம் மறுபடி கட்டினேன்.

ஒருநாள் சாயங்காலம் கடைக்காரரே கையை ஆட்டிக் கூப்பிட்டார். இங்கிலீஷ் பதிலுக்குக் கீழே அந்தப் பெண் தமிழில் எழுதியிருந்தாள். ‘அக்கா, அண்ணனைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். டின்களை எல்லாம் கொண்டுவர வண்டி அனுப்புகிறார்களாம். இனிமேல் கவலைப்படாதீர்கள்.’ நான் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் என்ன செய்தார் என்றால், உடனே ஓடிப்போய் டின்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வண்டியில் போகும்போது நாலு ரோட்டில் நிறுத்தி, ரோஜா டின் ஒன்றை மாடிக்கு எடுத்துப் போனோம். “இப்பவாவது எனக்குங்களா?” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணீர் ஊற்றுவது என்று அவள் கேட்க, இவர் பாடம் நடத்த ஆரம்பிக்க, கீழே டிரைவர் ஹாரன் அடிக்க, அவள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

இந்த வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், கட்டிக் கொடுத்தோம். கவலைப்படுகிற குணம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால், யாரென்றே தெரியாத ஒருத்தி நமக்காகத் தன் துப்பட்டாவை எடுத்துப் போர்த்தினாளே என்று நினைக்கும்போது, எத்தனை கவலை இருந்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.