முறைக்க முடியாத மூன்று மாதம்

"உங்க போட்டோவைப் பார்த்துட்டுத்தாம்மா ரெண்டு இடமும் தட்டிப் போச்சு. 'மாமியார் இப்பவே முறைக்கிறாங்க'ன்னு புரோக்கர்கிட்டச் சொல்லியிருக்காங்க." சாப்பாட்டு மேசையில் என் மகன் பிரவீண் சொன்னது இது. குன்னூர் வெயிலில் போட்டோவுக்கு நின்றால் யாருக்கும் புருவம் சுருங்கும் என்றேன். "இதோ, இப்பவும் முறைக்கிறீங்க" என்றான்.

பையனுக்குப் பெண் தேடும் அம்மாக்களே, நம் வேலைக்கு லீவும் இல்லை, ரிட்டயர்மென்ட்டும் இல்லை. முகம் மட்டும் எப்போதும் டூட்டியில் இருக்க வேண்டும். கோத்தகிரியில் மூன்றாவது இடம் வந்ததும், கோயம்புத்தூருக்குப் போய்ப் புருவம் சுருங்காமல் தசையை மரக்கடிக்கும் போடாக்ஸ் ஊசியைப் புருவங்களுக்கு நடுவே போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் தாங்குமாம்.

மலைப்பாதை

"நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. அவர் மலையேறியதே இல்லை போலிருக்கிறது. பர்லியார் தாண்டியதும் எனக்கு வழக்கம்போலக் குமட்டியது. பிளாஸ்டிக் கவருக்குத்தான் மலையில் தடையாயிற்றே. மஞ்சப்பையைத் தாடைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அசெம்பிளியில் நிற்கும் கான்வென்ட் பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். காரை ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு ஏக குஷி. "குனிஞ்சிராதே அம்மிணி. மருந்து கீழே எறங்கிட்டா அப்புறம் மூக்கைக்கூடச் சுளிக்க முடியாது."

பால் பொங்கியது

ஒரே வாரத்தில் நெற்றி கேரம்போர்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைத் தாண்டும்போதெல்லாம் நின்று நின்று பார்த்தேன்.

வீட்டு வேலைக்கு வரும் செல்வி போனில் பேசிக்கொண்டே பாலைப் பொங்கவிட்டாள். சமையலறை வாசலில் நின்று என் முழு பலத்தோடும் முறைத்தேன். முன்பெல்லாம் இந்த முறைப்புக்குப் போன் கைநழுவி விழும். இப்போது அவள் சாவகாசமாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "பாலே போனாலும் கோவப்படாத மனசு வந்திருச்சுங்களே அம்மா, நல்லா இருக்கோணும் நீங்க."

கோத்தகிரி

பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும், எவ்வளவு சாந்தமான முகம் என்றார். உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினேன். ஆறிப்போன காபி வந்தது. வாயும் ஒன்றும் சொல்லவில்லை, நெற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

பெண் காவ்யா, பேங்க்கில் வேலை. தோட்டம் காட்டுகிறேன் என்று என்னைத் தனியாகக் கூட்டிப்போனவள், பூவைக் காட்டாமல் என் நெற்றியையே பார்த்தாள். "ஊசிதானுங்களே ஆன்ட்டி?"

மூன்றாவது இடமும் போயிற்று என்று நினைத்தேன். பொய் சொல்லத் தெம்பில்லை, தலையாட்டினேன்.

"எனக்குச் சம்மதம்தானுங்க அத்தை. ஆனா மருந்து வேகம் எறங்கின பொறகு கல்யாணத்தை வெச்சுக்கலாம். உங்களுக்குக் கோவம் வந்தா எனக்குத் தெரியணுமில்லைங்களா?"

ஆக, எங்கள் வீட்டில் முகூர்த்தம் குறிப்பது ஜோசியரில்லை, என் நெற்றி. அது பழைய நிலைக்குத் திரும்பும்வரை, டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் மகனையும் பார்த்து ஒரே முறைப்பில் முடியவேண்டியதை மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "மூடுபனி உள்ளே வருது, யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்."