ஒழுகும் காருக்கு ஏற்ற எண்ணெய்

ரப்பர் விலை சரிந்த ஆண்டு, மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை. லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. எண்ணெய் ஒழுகும் பழைய தோட்டத்துக் காரை ஓட்டியவர், கறைபடிந்த காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். எந்த எஞ்சின் எண்ணெயையும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துத்தான் ஊற்றுவார்.

அன்று காரின் பின்னிருக்கையில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் படித்து நான் வாங்கிவைத்த மெல்லிய எஞ்சின் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்ததும் டிரைவர் கொதித்துப்போனார்.

“இது புதுக் காடிக்கு ஊத்துறது, கிராணி. இதுல ஊத்துனா குளுவாங் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ஒழுகிடும். வழியில எஞ்சின் இறுகி நின்னா, இவள உங்க புஸ்தகமா தூக்கிட்டுப் போவும்?”

டின்னைக் கால்வாயில் வீசிவிட்டு, லாரிக்கான கெட்டி எண்ணெயை ஊற்றிக் கிளம்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

டின் எண்ணெயை வீணாக்கியதற்காகத் தோட்டத்துத் துரை அவரைக் கண்டபடி ஏசினார். பக்கத்தில் நின்றும், தப்பான எண்ணெயை வாங்கியது நான்தான் என்று நான் சொல்லவில்லை. என்மேல் அத்தனை கோபம் இருந்தும் அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.