அளவு சரியாக வந்த மோதிரம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்படி அத்தான் என்னிடம் கொப்பியைத் தந்தபோது, நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை வந்துவிடும் என்றேன். "பிழையை அச்சகக்காரர் திருத்துவினம். நீதான் எழுதோணும்" என்றார். அவர்களும் காணாமல் விட்ட பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். யுத்தத்து இடப்பெயர்வில் ஐயாவும், திரும்பி வந்த மறுவருடம் அம்மாவும் போய்விட, இருபத்தொரு வயதில் அக்கா எனக்குத் தாயானார். நான் படிப்பை விட்டதற்கு அவர் காரணமல்ல. தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டாலும் வகுப்பிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். ஒருநாள் ஓடி வந்தவள் பிறகு போகவேயில்லை. அக்கா அடிக்கவில்லை. "எடியே, பயப்பிட ஒண்டும் இல்லாட்டி, ஏன் ஒண்டும் இல்லையெண்டு யோசிச்சுப் பயப்பிடுவாய் நீ" என்று சிரித்தார். வட்டுக்கோட்டைக்குக் கலியாணம் முடித்துப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானும் என்னை ஒரு நாளும் வேறாகப் பார்த்ததில்லை.

கலியாணம் முடித்து இருபத்தைந்தாவது வருடம், அக்காவுக்கு ஒரு மோதிரம் வாங்க அத்தான் ஆசைப்பட்டார். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கையில் கண்டாராம். வளையம் முழுக்கச் சுற்றிவரக் கல். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. வெளிநாட்டில் புருசன் பெண்சாதிக்கு, கடைசி வரைக்கும் என்ற எண்ணத்தில் கொடுப்பதாம்.

கலியாண நாளன்று மூவருமாக யாழ்ப்பாணத்துக்குப் போனோம். அதற்கு முந்திய இரண்டு நாளும் அக்கா தோட்டத்தில் குந்தியிருந்து வெங்காயம் கிண்டியவர். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும்போது அவருடைய விரல்களைப் பார்த்தேன். வீங்கிப் போய், கணுக்கள் தெரியாமல் இருந்தன.

எங்கள் வீட்டு நகை எல்லாம் செய்து தந்த பத்தரின் கடைக்கே போனோம். அவர் அந்த மாதிரியில் நாலைந்து மோதிரங்களை எடுத்து வைத்தார். சிவப்புக் கல் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பெரிய கல் வைத்ததையும் தள்ளிவிட்டார். "மா குழைக்கேக்கை பாதி மா இதுக்கையெல்லோ நிக்கும்." கடைசியில் சின்ன வெள்ளைக் கல் இருபத்தொன்று வைத்த ஒன்றைப் போட்டார். விரலில் சிக்கென்று நின்றது.

"தங்கச்சி, வடிவா யோசிச்சு எடுங்கோ" என்றார் பத்தர் அக்காவிடம். "மற்ற மோதிரம் மாதிரி இதைப் பெருப்பிக்கவும் ஏலாது, சுருக்கவும் ஏலாது. வெட்டினால் கல்லெல்லாம் கொட்டுண்டிடும். இண்டைக்கு என்ன அளவோ, அதுதான் கடைசி மட்டும்."

"அப்ப நானும் கடைசி மட்டும் இதே அளவிலை இருந்திட்டால் சரிதானே பத்தர்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

விரல் வீங்கியிருக்கிறது, நாளைக்கு வருவோம் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அத்தானின் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் குழப்ப மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் என் பயத்தை வெளியே சொல்லாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் காலை வீக்கம் வற்றியது. கிணற்றடியில் முகம் கழுவும்போது மோதிரம் கழன்று விழுந்தது. அக்கா மஞ்சள் நூலை எடுத்து மோதிரத்தின் ஒரு பக்கத்தில் நெருக்கமாகச் சுற்றிப் போட்டுக்கொண்டார். இரண்டு வருடம் அந்த நூலோடுதான் போட்டிருந்தார்.

பிறகு அவருக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. முதலில் காலும், பிறகு கையும் வீங்கத் தொடங்கின. ஒருநாள் மத்தியானம் கட்டிலில் இருந்தபடி நூலை மெதுவாக அவிழ்த்து, விரலை என் முன்னால் நீட்டினார். "பார், இப்ப சரியா இருக்கு." பத்தரின் கடையில் நின்றதுபோலவே, இம்மியும் கூடாமல் குறையாமல் நின்றது. அன்றைக்குப் பஸ்ஸில் கண்ட அதே விரல். அவிழ்த்த நூலை என்னிடம் தந்து, "குங்குமச் சிமிழுக்கை வைச்சிரு. திரும்பத் தேவைப்படும்" என்றார். சுகம் வந்து விரல் வற்றும் என்ற நம்பிக்கையில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வீக்கம் இன்னும் கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மோதிரத்தை வெட்டவேண்டி வரலாம் என்றார்கள். அக்கா விடவில்லை. அன்றைக்குத்தான் நான் அழுதுகொண்டு சொன்னேன்.

"அக்கா, மோதிரம் எடுக்கேக்கை உங்கடை விரல் வீங்கியிருந்தது. நான் பாத்தனான். சொல்லேல்லை."

"எனக்கும் தெரியுமடி."

"பின்னை ஏன் எடுத்தனீங்கள்?"

அக்கா மோதிரத்தைப் பார்த்தார். "தெரியேல்லை. அந்த விரல்தான் என்ரை விரல் எண்டு பட்டது." பிறகு என் கையைத் தடவினார். "எனக்குப் பிறகு இதை நீ போடு. கழட்டி வைக்கப்படாது."

அந்தக் கிழமையே அக்கா எங்களை விட்டுப் போனார்.

நகைகளைக் கழற்றும்போது மோதிரம் மட்டும் வரவில்லை. சவர்க்காரம் போட்டும் அசையவில்லை. அப்படியே போகட்டும் என்றார்கள் சிலர். அக்கா எனக்கென்று சொன்னது என்பதால் அத்தான் பத்தரைக் கூட்டிவந்தார். பத்தர் அக்காவின் கையைத் தன் கையில் எடுத்துப் பார்த்தார். "அளவு சரியாத்தான் இருந்திருக்கு" என்று தனக்குள் சொன்னார். பிறகு, "நூல் ஒண்டு தாங்கோ" என்றார்.

செத்த வீட்டுச் சந்தடியில் நூல் தேட யாருக்கும் கை ஓடவில்லை. நான் குங்குமச் சிமிழைத் திறந்தேன்.

நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்குக் கீழால் விட்டு, மிச்சத்தை விரலில் இறுக்கிச் சுற்றி, அந்த நுனியைப் பிடித்து அவிழ்க்க அவிழ்க்க மோதிரம் தானாக நடந்து வந்தது. என் விரலில் போட்டதும் சுழன்றது. பத்தர் அதே நூலை அதே இடத்தில் சுற்றித் தந்தார். இப்போது கழன்று விழாது, ஆனால் சுழலும்.

அக்காவை வைத்தியசாலையில் பார்த்தவர்களுக்கும், சேதி கேட்டவுடன் ஓடிவந்து பந்தல் போட்ட அயலவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், தோள் கொடுத்துக் கொண்டுபோனவர்களுக்கும், தூர தேசத்திலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அத்தான் சார்பிலும் என் சார்பிலும் கை கூப்புகிறேன். பத்தருக்கும் என் நன்றி. அவரில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டது நான். அதை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

மோதிரத்தைக் கழற்றவில்லை, அக்கா. ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும், சாமி கும்பிட முதல், அது விரலில் சிக்கென்று நின்றுவிட்டதா என்று சுழற்றிப் பார்க்கிறேன்.

இன்றும் சுழன்றது.