அரைத்திருகு

கூடத்தின் குறுக்கே கட்டிய கொடிகளிலிருந்து அக்கா துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக விடாத மழை. மொட்டைமாடிக்குப் போக வழியில்லாமல் போர்வை, படுக்கை விரிப்பு, அவளுடைய உள்பாவாடை எல்லாம் கூடத்திலேயே தொங்கின, காய்ந்தபாடும் இல்லை. தம்பியின் வாசிப்பைக் கேட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ள இன்று ஒரு டிரம்ஸ்காரர் வருகிறார். மனுஷன் உள்பாவாடைக்கு அடியில் குனிந்தா வர வேண்டும்?

தம்பி குளியலறையில் இருந்தான். அதனால்தான் வீட்டில் சத்தமில்லை. மற்ற நேரமெல்லாம் அவன் கிடாரும் கையுமாக அந்த ஆம்ப்ளிஃபயர் முன்னால்தான் சப்பணமிட்டிருப்பான். பழைய மாடலில் புதிதாகச் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடேறினால்தான் அதற்குக் குரல் வரும். முகப்பில் நாலே திருகு: வால்யூம், கூர்மைக்கு ட்ரெபிள், நடுவுக்கு மிடில், கனத்துக்கு பாஸ். நாலு திருகுக்குள் ஒருத்தன் எத்தனை காலம் தொலைந்துபோக முடியும்? வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால்தான் வால்வு பாடும் என்பான். ஏற்றினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார்.

அவன் வேலை லிஃப்ட் ரிப்பேர். அங்கே அவனுக்குப் பெயர் அரைத்திருகு. எந்த ஸ்க்ரூவை முடுக்கினாலும், "இன்னும் ஒரு அரைத்திருகு வைக்கலாமே" என்று நிற்பானாம். லிஃப்டுக்கு அது நல்ல குணம். ஆனால் அதே குணத்தால் இரண்டு இசைக்குழுக்கள் அவனை வரச்சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்து வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டன. "சவுண்டு இன்னும் சரியா அமையலைக்கா" என்பான். விரலில் குறை சொல்ல முடியாது. அவன் வாசிக்கும்போது கீழ்வீட்டுக்காரரே சில நாள் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதுண்டு.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, "இது தெளிவா, இது தெளிவா?" என்று வில்லை மாற்றிக் கேட்பவள். நாலைந்து தடவைக்கு மேல் கேட்டால் கண் சலித்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி ஆரம்பிப்பான்: "அக்கா, கேளு. இதுவா... அதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

"நீ சரியாவே கேக்கல."

நேற்று மத்தியானம்தான் ஒரு வழியாக, "வந்துடுச்சுக்கா!" என்று கத்தினான். நாலு திருகையும் அசையாதபடி வெள்ளை டேப் ஒட்டினான். "தூசி தட்டுறேன்னு கை வச்சே, அவ்வளவுதான்." கடவுளே, ஒரு டேப் ஒட்ட இவனுக்கு இத்தனை வருஷமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது. டிரம்ஸ்காரர் குடையைக் கதவோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அக்கா கடைசிப் போர்வையையும் வாளிக்குள் அமுக்கினாள். கூடம் பளிச்சென்று காலியாக இருந்தது. தம்பி தலை துவட்டிக்கொண்டே வந்து கிடாரை எடுத்து மீட்டினான்.

காதில் ஊசி குத்தினாற்போல் இருந்தது. டிரம்ஸ்காரரே முகத்தைச் சுளித்தார்.

"நீ தொட்டியா?"

"டேப் ஒட்டினபடி அப்படியே இருக்கு, கண்ணைத் திறந்து பாரு."

"பின்ன எப்படிக்கா கத்துது?"

டிரம்ஸ்காரர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கே!"

"துணியை எடுத்தேன், வேற ஒண்ணும் பண்ணலையே" என்றாள் அக்கா.

தம்பி வெறும் கொடியைப் பார்த்தான். சுவர்களைப் பார்த்தான். ஒருதரம் கைதட்டிப் பார்த்தான்; கூடம் திருப்பித் தட்டியது. "துணிதான் அந்தக் கத்தலைக் குடிச்சிருக்கு! திரும்பப் போடுக்கா. எல்லாத்தையும்!"

வந்தவர் பார்த்துக்கொண்டிருக்க அக்கா போர்வையைப் போட்டாள், விரிப்பைப் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உள்பாவாடையையும் போட்டாள்.

இப்போது அவன் வாசித்தது சூடான மூச்சுப் போல வந்தது. அக்காவின் கை வாளிப் பிடியிலேயே நின்றுவிட்டது. டிரம்ஸ்காரர் ஈரப் போர்வையை விலக்கித் தலையை நீட்டினார். "இதுதான் தம்பி எனக்கு வேணும்! ஞாயித்துக்கிழமை மேடை. அப்புறம் வாராவாரம் நம்ம குழுதான். வர்றியா?"

"மேடையில துணி இருக்காதே அண்ணே."

"ஜனங்க இருப்பாங்கல்ல? துணி உடுத்திக்கிட்டுத்தானே வருவாங்க!"

அக்கா சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை. "எத்தனை பேர் வருவாங்க அண்ணே? அதுக்குத் தக்கபடி ட்ரெபிளை வைக்கணும்." சொல்லிக்கொண்டே டேப்பை உரிக்க ஆரம்பித்தான்.

டிரம்ஸ்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். ஆடத் தெரியாதவள் சொன்னால் சிரிக்கலாம். இவனுக்கு ஆடத் தெரியும், கூடமும் நிஜமாகவே கோணல். இவனை என்ன சொல்லித் திட்டுவது?

"இன்னொரு பையனும் கேட்டுக்கிட்டிருக்கான். நான் இன்னைக்கே சொல்லியாகணும். வர்றேன், இல்ல வரலை. ஏதாவது ஒண்ணு சொல்லு."

"ஒரு நிமிஷம் அண்ணே. ஒரு அரைத்திருகு..."

அவர் குனிந்து துணிகளுக்கு அடியில் புகுந்து வெளியேறினார். படிகளில் செருப்புச் சத்தம் இறங்கியது. குடை கதவோரமே இருந்தது.

அக்கா அதை எடுத்துக்கொண்டாள். "குடையைக் குடுக்கப் போறேன். வர்றான்னு சொல்லட்டுமா, வரமாட்டான்னு சொல்லட்டுமா?"

போர்வைக்குப் பின்னால் ஒரே சுரம் ஒலித்தது. கொஞ்சம் விட்டு அதே சுரம் மறுபடியும், மயிரிழை கூர்மையாக.

"டேய், உன்னைத்தான்."

மூன்றாம் தடவையும் அதே சுரம். அக்கா குடையோடு படியிறங்கினாள்.