கேட்டில் சுற்றிய வட்டம்

அடுத்தவர் காத்திருக்கும் நேரத்தை அளந்து சம்பளம் வாங்குகிற வேலை என்னுடையது. ஒரு வெப் பக்கம் பிரவுசரில் முழுதாகத் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களிடம் இதை விளக்கப் போய் பல்பு வாங்கிய சகபாவிகள் யாராவது இருந்தால், வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் ஆபீஸ் புதுவாயலில், டயர் கடைக்கு மேல் மாடியில். பாஸையும் சேர்த்து நாலு பேர். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு, ஆட்கள் கேட்டில் வருகைப் பதிவு செய்கிற பக்கத்தைச் செய்துகொடுத்தோம். அதிலிருந்து ஆரம்பித்தது சனி.

ஒரு நொடி லேப்டாப்

பக்கத்தை எழுதியவன் தினேஷ். கேட்டில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் ஐ.டி. எண்ணைத் தட்டினால் அந்த ஆளின் பக்கம் திறக்கும், பச்சை பட்டன் வரும், அதை அமுக்கினால் வருகை பதிவாகும். ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிஷம் தாண்டிவிட்டால் பெயர் சிவப்பாகிவிடும், லேட். ஒரே வாரத்தில் புகார் வந்தது: வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கிறதாம். தினேஷ் தன் லேப்டாப்பில் திறந்து பார்த்தான். ஒரு நொடி. புகார் பொய் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, என்னையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு நேரே கேட்டுக்கே போனான்.

அங்கே செக்யூரிட்டி ஏழுமலை அண்ணனிடம் அந்த ஒரு நொடியை மூன்று தடவை காட்டினான். அவர் மூன்று தடவையும் மரியாதையாகப் பார்த்தார். பிறகு தன் டேப்லெட்டைத் தட்டினார். காத்திருக்கச் சொல்லும் வட்டம் திரையில் சுற்ற ஆரம்பித்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தொப்பியைத் திரும்ப மாட்டி, பெல்ட்டையும் சரிசெய்த பிறகுதான் பக்கம் வந்தது. தினேஷ் ஏதோ நெட்வொர்க் என்று முனகினான். அண்ணன் சொன்னார்: "நைனா, உன் லேப்டாப்பு சோக்காத்தான் கீது. அதை இங்க மாட்டிட்டு நீ ஊட்டுக்குப் போறியா?"

மத்தியான நோய்

ஒழுங்காக அளக்கச் சொல்லி பாஸ் எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கினார். அதில் அந்தப் பக்கத்தின் எங்கள் சோதனைக் காப்பியைத் திறந்து, போலியாக ஒரு தொழிலாளியை உருவாக்கி, சோதனையை ஓடவிட்டேன். காலையில் மூன்று நொடி. மத்தியானம் ஆறு நொடி. அதே பக்கம், அதே மிஷின். தினேஷ் எதையோ மாற்றிவிட்டு மறைக்கிறான் என்று நான் சொல்ல, எனக்கு அளக்கத் தெரியவில்லை என்று அவன் சொல்ல, இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் மேல் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. அது இருந்தது மேற்கு ஜன்னலோரம். வெயில் ஏற ஏற, சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு அதே நேரத்தில், அதே இணைய லைனில், தினேஷ் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கம்ப்யூட்டரை நிழலுக்கு மாற்றினேன், அதற்கென்று தனி லைன் வாங்கினேன். ஒரே ஒரு தடவை அளந்ததை நம்புவதையும் விட்டேன். பதினொரு தடவை ஓடவிட்டு, வந்த எண்களை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். தினேஷுக்குக் கிரிக்கெட் போன வருத்தம். "ரெண்டு மணிக்கு சாப்ட்டுட்டு நாமளே ஓட மாட்டோம், அது மட்டும் ஏன் ஓடணுன்ற?" என்று கேட்டான்.

சாதனை நாள்

தினேஷ் பக்கத்தின் புரோகிராமைத் திருத்தி எழுதினான். நான் சோதனையை ஓடவிட்டேன். அரை நொடிக்கும் கம்மி. பதினொரு தடவையும் அச்சு அசலாக அதே எண். இவ்வளவு ஒழுக்கமான எண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாஸ் உடனே தொழிற்சாலையின் எச்.ஆர். மேனேஜருக்கு போன் போட்டுப் பெருமை பேசினார். எனக்கும் தினேஷுக்கும் பாதுஷா வந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கேட்டில் வட்டம் பழையபடியே சுற்றுகிறது என்றார். அப்புறம்தான் திரையை என் கண்ணால் பார்த்தேன். சோதனையின் லாகின் முந்தின நாளே காலாவதியாகியிருந்தது. நான் பதினொரு தடவை அளந்தது, 'மீண்டும் உள்நுழையவும்' என்ற ஒற்றை வரியை. பச்சை பட்டன் கண்ணில் படும் வரை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது என்று அன்றைக்கே சோதனையை மாற்றினேன். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பையும் பாஸ் எனக்கே கொடுத்தார். மேனேஜர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த எரர் பக்கம் எழுதுன ஆளையே மத்த பக்கத்தையும் எழுதச் சொல்லுங்கம்மா."

மேரி அக்கா

அந்த வாரம் கேட்டில் ஏழுமலை அண்ணன் எனக்கு மேரி அக்காவை அறிமுகம் செய்துவைத்தார். பேக்கிங்கில் கான்ட்ராக்ட் வேலை. மூன்று நாள் சிவப்பு விழுந்திருந்தது. மூன்று விழுந்தால் அடுத்த மாசம் பெயர் லிஸ்டில் இருக்காது. பொன்னேரியிலிருந்து முதல் ரயிலில் வருகிற பெண். சங்கு ஊதும்போது வரிசையில் நின்றிருந்ததை அண்ணனே பார்த்திருக்கிறார். ஆனால் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எச்.ஆரில் அனுப்பிவிட்டார்கள். அக்கா அழவில்லை, கத்தவில்லை. டேப்லெட்டைக் காட்டி, நான் செய்த பெட்டியா இது என்று மட்டும் கேட்டார். அளக்கிறவள் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு செக்யூரிட்டி அறையில் போய் உட்கார்ந்து, அந்த டேப்லெட்டிலேயே அளந்தேன். பதினான்கு நொடி. எது இவ்வளவு நேரம் இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், தொழிற்சாலைத் திறப்பு விழா குரூப் போட்டோ. எச்.ஆர். மேனேஜர் ஆசைப்பட்டு, பக்கத்தின் தலையில் தானே ஏற்றியது. பேனர் அடிக்கிற சைஸ். ஒவ்வொரு ஆளுக்கும் அது புதிதாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சோதனைக் காப்பியில் அந்தப் போட்டோவே கிடையாது. ஒன்றரை மாசமாக நான் அளந்தது வேறு ஏதோ பக்கத்தை.

போட்டோவோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பதினொரு ஜோடி எடுத்தேன். பதினான்கு, இரண்டு. பதினான்கு, இரண்டு. தாளை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த அதே போட்டோவைப் பார்த்தார், எடுக்காமல் சின்னதாக்க முடியுமா என்று கேட்டார். என்னோடு வந்திருந்த தினேஷ் அங்கேயே நின்றபடி சின்னதாக்கினான். அந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து விழுந்த சிவப்பு எல்லாமே, எல்லோருக்கும், ரத்தானது. மேரி அக்காவைக் கூப்பிட்டு, இப்போது திருப்திதானே என்று மேனேஜர் விசாரித்தார். அக்கா சுவரிலிருந்த போட்டோவைக் காட்டிச் சொன்னார்: "எனக்கு மூணு லேட்டு போட்டீங்கோ இல்ல சார், அந்தப் போட்டோல கீறவங்களுக்கும் ஆளுக்கு மூணு போட்டுடுங்கோ."

மொத்தத்தில், ஒரு போட்டோவைச் சின்னதாக்க ஆன நேரம் நாலு நிமிஷம், அது பெரியது என்று கண்டுபிடித்து ஒப்புக்கொள்ள வைக்க ஆனது ஒன்றரை மாசம் என்றால், இதில் எதை வேகப்படுத்தச் சொல்கிறீர்கள்?